கேள்வி–பதில்: நாலு வார்டுக் கணக்கு

சுங்கை சிப்புட் வாசகி: நான் கணித ஆசிரியை, புள்ளியியலில் முதுகலை முடித்தவள். மேற்படிப்புப் படிக்கும் தாதியர் தங்கள் ஆய்வுத் தரவைக் கொண்டு வருவார்கள். கணக்குப் போட்டுக் கொடுப்பேன். இதை வைத்து எனக்கென்று தனி ஆய்வு செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. தோட்டப்புற ஊரில் இருப்பதும் ஒரு வசதிதான். சிறிய மருத்துவமனையில் வார்டுகள் நாலைந்துதான். அங்கேதான் பாடப்புத்தகச் சூத்திரம் இடறும்.

நீரிழிவு நோயாளிக்குப் பாதப் பராமரிப்பைச் சொல்லித்தரும் ஆய்வு வருகிறது என்று வையுங்கள். இரண்டு வார்டில் புது முறை, இரண்டில் பழையது. வார்டுக்கு 30 பேர், மொத்தம் 120. கடைசியில் ஒரு அறிவுத் தேர்வு. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் வழக்கமான டி-சோதனை 120 பேரையும் ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களாக எண்ணும். ஆனால் ஒரே வார்டில் ஒரே தாதியர் சொல்லிக்கொடுத்தவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒட்டுறவு, அதாவது மொத்த மாறுபாட்டில் வார்டால் வரும் பங்கு, 0.05 என்றாலே வீக்கம் 1 + (30 − 1) × 0.05 = 2.45, 120-ஐ அதால் வகுத்தால் 49 பேரின் தகவல்தான் மிஞ்சும். வார்டுச் சராசரிகளை மட்டும் ஒப்பிட்டாலோ நாலு எண்தான், இரு குழுச் சராசரிக்கு இரண்டு போக சுதந்திரப் படி 2. அப்போது டி-மதிப்பு தாண்ட வேண்டிய எல்லை 1.96 இல்லை, 4.30.

எந்த முறை வார்டு எத்தனை வரை குறைந்தாலும் தாங்கும்? இதுவே உங்கள் ஆய்வுக் கேள்வி. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் போலித் தரவு உருவாக்குங்கள்: வார்டு மாறுபாடு 0.05, ஆள் மாறுபாடு 0.95, இரு முறைகளுக்கும் வேறுபாடு சுழியம். 2000 தடவை ஓட்டி, பி-மதிப்பு எத்தனை தடவை 0.05-க்குக் கீழே விழுகிறது, அதாவது இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்கிறது என்று எண்ணுங்கள். சரியான முறையென்றால் 4 முதல் 6 விழுக்காட்டுக்குள் நிற்கும். சாதாரண டி-சோதனை 20 விழுக்காட்டை ஒட்டிப் போகும். பிறகு வார்டு 4, 6, 10, 20, ஒட்டுறவு 0.01, 0.05, 0.1 என்று மாற்றி, வார்டுச் சராசரி டி-சோதனையையும் வார்டு மாறுபாட்டையும் ஆள் மாறுபாட்டையும் தனித்தனியே மதிப்பிடும் கலப்பு மாதிரியையும் (சிறு மாதிரிக்கான கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தோடு) ஒப்பிடுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வார்டு குறைந்தால் கலப்பு மாதிரி வார்டு மாறுபாட்டைச் சுழியமாக மதிப்பிட்டு எச்சரிக்கை காட்டும். அந்த ஓட்டங்களைத் தூக்கி எறிந்தால் முடிவே திரிந்துவிடும். அப்படி எத்தனை ஓட்டம் என்று எண்ணிக் கட்டுரையில் போடுங்கள். போலித் தரவைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணையும் சேமித்து வையுங்கள், மற்றவர் திருப்பி ஓட்டிப் பார்க்க.

போலித் தரவில் நோயாளி யாரும் இல்லை. தாதியின் அசல் தரவை உதாரணமாகக் காட்ட நினைத்தால் கதை வேறு: அவர் வாங்கிய நெறிமுறை ஒப்புதல் அவருடைய ஆய்வுக்கு மட்டுமே. மலேசியச் சுகாதார அமைச்சு மருத்துவமனை என்றால் உங்கள் ஆய்வையும் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து தனி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆசிரியர் வரிசையில் யார் பெயர் என்பதைக் கணக்குத் தொடங்குமுன்பே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் மனத்தாங்கல்தான்.

அதே வாசகி: படுக்கைப்புண் ஆய்வுகளில் வரும் பிரேடன் மதிப்பெண்ணுக்கு (புண் வரும் ஆபத்தை அளப்பது) சராசரி எடுக்கலாமா?

பதில்: சராசரியைவிட இடைநிலை அளவும் (வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பு) கால்மானங்களும் (வரிசையை நாலாகப் பிரிக்கும் மதிப்புகள்) மேல். மதிப்பெண் 6 முதல் 23 வரை. குறையக் குறைய ஆபத்து கூடும். தலைகீழாகப் பதிந்த தாள்கள் வரும், முதலில் அதைப் பாருங்கள்.