கேளுங்கள், சொல்கிறேன்: முகத்துக்குப் பின்னால் ஒரு தலை இருக்கிறது

போன இதழில் கேம் ஆர்ட் வேலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகையினரிடமிருந்து: தானாகப் படம் வரையக் கற்றுக்கொண்டவர்கள், இப்போது கணினியில் சிற்பம் செய்யப் பழகுகிறார்கள். அவற்றில் ஐந்துக்கு இந்த முறை பதில்.

அக்கா, நான் பி.காம். முடித்தவள். யாரிடமும் வரையக் கற்றுக்கொண்டதில்லை. நாலு வருஷமாக டிஜிட்டலில் வரைகிறேன், கல்யாண கேரிகேச்சர், சிறுவர் கதைப் படம் எல்லாம் செய்து ஓரளவு சம்பாதிக்கவும் செய்கிறேன். கேம் கேரக்டர் ஆர்டிஸ்ட் ஆக ஆசை. மூன்று மாதமாக பிளெண்டர் மென்பொருளில் தலைகளாகச் செய்து தள்ளுகிறேன். முன்னாலிருந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது, திருப்பினால் பந்தில் முகமூடி ஒட்டியது போல இருக்கிறது. வரையத் தெரிந்தவளுக்கு இது ஏன் வரவில்லை?
— வாசகி, கும்பகோணம்

வரையத் தெரிந்ததால்தான் வரவில்லை. நானும் படத்திலிருந்து சிற்பத்துக்கு வந்தவள், அதனால் உங்கள் தலைகளைப் பார்க்காமலே சொல்கிறேன்: மூக்கின் ஓரத்தில் ஒரு கோடு தோண்டியிருப்பீர்கள், இமைக்கு ஒரு கோடு, மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இறங்கும் மடிப்புக்கு ஒரு கோடு. காகிதத்தில் அந்தக் கோடு போதும், பார்ப்பவர் மனசு மீதியை நிரப்பிக்கொள்ளும். சிற்பத்தில் கோடு என்று ஒன்று கிடையாது. இரண்டு மேடுகள் சந்திக்கும் இடம்தான் நமக்குக் கோடாகத் தெரிகிறது. மேட்டைச் செய்தால் கோடு தானாக வரும், கோட்டைத் தோண்டினால் பள்ளம் மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கே நீங்கள் செய்த தலையை கீழிருந்து, மோவாய்க்கு அடியில் கேமராவை வைத்துப் பாருங்கள். தாடை ஒரு குதிரை லாடம் போல வளைந்து பின்னால் போக வேண்டும். உதடு தட்டையான சுவரில் ஒட்டியது அல்ல, பல்வரிசையின் வளைவின் மேல் போர்த்தியிருப்பது, அதனால் வாயின் இரண்டு ஓரமும் நடுவைவிட நன்றாகப் பின்வாங்கியிருக்கும். கண்ணும் அப்படித்தான், வெளி ஓரம் மூக்குப் பக்க ஓரத்தைவிட உள்ளே தள்ளி இருக்கும். முன்னாலிருந்து இது எதுவும் தெரியாது, அதனால்தான் முன்னாலிருந்து பார்க்கையில் எல்லாம் சரி போலத் தோன்றுகிறது. காதையும் பாருங்கள். பக்கவாட்டில் தலையின் நடுக்கோட்டுக்குப் பின்னால் தொடங்க வேண்டியதை, படம் வரைகிறவர்கள் பெரும்பாலும் முன்னால் இழுத்து வைத்துவிடுகிறோம். காதை முன்னால் வைத்தால் மண்டையின் பின்பாதி சுருங்கிவிடுகிறது, நீங்கள் சொல்லும் முகமூடித் தோற்றம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

கண்ணை வெறும் பிரஷ்ஷால் செதுக்காதீர்கள். முதலில் ஒரு உருண்டையைத் தனிப் பொருளாகக் குழிக்குள் வையுங்கள், விழி. அதன்மேல் மேலிமையை இழுத்து மூடுங்கள், அப்புறம் கீழிமை. இமைக்குத் தடிமன் உண்டு, கண்ணாடிக்கு அருகில் போய் உங்கள் கீழிமையின் ஓரத்தைப் பார்த்தால் ஈரமாக ஒரு சின்னத் திண்ணை தெரியும், அதைச் செய்யாத கண் காகிதத்தில் வெட்டியது போலத்தான் இருக்கும்.

இன்னொன்று, சீக்கிரம் நுணுக்கத்துக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் போகிறோம். தோல் துளையும் சுருக்கமும் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பான மண்டை ஓட்டின் மேல் போட்ட சுருக்கம் எதையும் காப்பாற்றாது. உருவத்தின் மேற்பரப்பு வலையை, அதாவது மெஷ்ஷை, ஒரே சீராக மறுபடி பின்னும் வாக்ஸல் ரீமெஷை (கன்ட்ரோல்-ஆர்) பெரிய அளவில் வைத்து, மெஷ் கரடுமுரடாகவே இருக்கட்டும். கிராப், கிளே ஸ்ட்ரிப்ஸ், ஸ்மூத், இந்த மூன்று பிரஷ் மட்டும். ஒரு மாதம் முகமே வேண்டாம், மண்டை ஓடு பத்து செய்யுங்கள், கன்ன எலும்பு எங்கே திரும்பிக் காதை நோக்கிப் போகிறது என்பது கைக்குத் தெரியட்டும். நாலு நிமிஷத்துக்கு மேல் ஒரே கோணத்தில் வேலை செய்யாதீர்கள்.

நாலு வருஷம் வீணா என்று கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் அந்தக் கவலை கடிதத்தில் தெரிகிறது. இல்லவே இல்லை. கேரிகேச்சர் போடுகிறவருக்கு எதைப் பெரிதாக்கினால் ஆள் தெரிவார் என்று தெரியும். ஸ்டைலைஸ்டு கேரக்டர், அதாவது நிஜம் போல அல்லாமல் மிகைப்படுத்திய உருவம், செய்ய வேண்டிய திறமையே அதுதான், மென்பொருள் தெரிந்த பலருக்கு அது வராது.

ஜீபிரஷ்ஷா, பிளெண்டரா? என்னிடம் 16 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.
— வாசகர், திருநெல்வேலி

பிளெண்டரில் தொடங்குங்கள், இலவசம், முழுசாக இலவசம். சிற்பம் மட்டுமல்ல, அதற்குப் பின்னால் வரும் வேலை எல்லாமும் அதிலேயே செய்யலாம். ஜீபிரஷ் பெரும்பாலும் பிராசஸரையும் ரேமையும் நம்பி ஓடுவது, கிராபிக்ஸ் கார்டை அவ்வளவாகக் கேட்காது, அதனால் மெஷ்ஷின் சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளான பாலிகன்களைக் கோடிக்கணக்கில் சாதாரணக் கணினியிலும் தாங்கும். பெரிய ஸ்டூடியோக்களில் கேரக்டர் வேலைக்கு இன்னும் அதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆனால் சந்தா கட்ட வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும் சமயத்தில் ஒரு மாதச் சந்தா எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள், பிரஷ்ஷின் பெயர் மாறுமே தவிர கை மாறாது. ஐபேடோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டோ இருந்தால் நோமட் ஸ்கல்ப்ட் என்ற செயலியும் உண்டு, ஒரு தடவை பணம் கட்டினால் போதும், பஸ்ஸில் போகும்போதுகூட மண்டை ஓடு செய்யலாம். திரையுள்ள பேனா டேப்லெட் வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

டிஜிட்டலுக்கு முன்னால் களிமண்ணில் பழகுவது அவசியமா? எங்கள் ஊர்ப் பக்கம் சிலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார்த்தால் பயன் உண்டா?
— வாசகர், பாபநாசம்

அவசியம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுவாமிமலை பக்கத்திலேயே இருக்கும்போது போகாமல் இருக்காதீர்கள். அங்கே வெண்கலம் வார்ப்பதற்கு முன் முழு உருவத்தையும் மெழுகில் செய்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் சேர்த்த மெழுகு. ஒரு பட்டறையில் நான் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது: ஸ்தபதி ஒரு கையைத் தனியாக உருட்டி எடுத்தார், சூடு காட்டிய இரும்பால் தோளில் பொருத்தினார், பொருத்தியதும் உருவத்தை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். முன்னால், பின்னால், தலைகீழாக. எங்கேயும் நிறுத்தி ரசிக்கவில்லை. நாம் மவுஸ் நடு பட்டனை அழுத்திச் செய்ய வேண்டியது அதுதான்.

அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து உடலின் பங்குகளைக் குறிப்பார்கள், ஒடியோலை என்று பெயர். உத்தம தசதாளம் என்ற அளவில் உயரத்தை 124 பங்காகப் பிரித்து, முகம் இத்தனை, கழுத்து இத்தனை என்று வைக்கிறார்கள். கேம் ஆர்ட்டில் நாங்கள் தலையை ஓர் அளவாக வைத்து, ஏழரைத் தலை, எட்டுத் தலை உயரம் என்று பேசுவதும் இதே வழிதான். அளவு கையில் இருந்தால் கண் ஏமாறாது.

ஒன்று மட்டும் அவர்களிடம் இல்லை, சிமெட்ரி பட்டன். நம்மிடம் இருக்கிறது, இடது பக்கம் செய்தால் வலது பக்கம் தானாக வரும். நேரம் மிச்சம்தான். ஆனால் கடைசியில் அதை அணைத்துவிட்டு ஒரு புருவத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், வாயை ஒரு பக்கம் இழுங்கள். இல்லாவிட்டால் அந்த முகத்தில் உயிர் இருக்காது.

ஒரு வீரன் உருவம் முடித்தேன், 80 லட்சம் பாலிகன். கேமை ஓட்டும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் போட்டு நடக்க வைக்கப் பார்த்தேன், சரியாக வரவில்லை. நண்பன் 'இனிமேல்தான் வேலையே இருக்கிறது' என்கிறான். உண்மையா?
— வாசகர், ஈரோடு

உண்மைதான், நண்பர் சரியாகச் சொல்லியிருக்கிறார். சிற்பம் முதல் பாதி.

கேம் ஒரு விநாடிக்கு 60 பிரேம் ஓட வேண்டும் என்றால் ஒரு பிரேமை வரைய 16.6 மில்லி விநாடிதான் கிடைக்கும். அதற்குள் உங்கள் வீரன் மட்டுமல்ல, அவன் நிற்கும் கோட்டை, எதிரிகள், மழை எல்லாம் வந்தாக வேண்டும். அதனால் சிற்பத்தின் மேல் ஒரு எளிய மெஷ்ஷைப் புதிதாகப் போர்த்துகிறோம், ரீடோபாலஜி. சில பத்தாயிரம் முக்கோணங்களுக்குள் முடிக்க வேண்டும், மொபைல் என்றால் இன்னும் குறைவு. இது வெறும் குறைப்பு வேலை இல்லை. முழங்கையும் முட்டியும் மடங்குகிற இடத்தில் வளையம் வளையமாக விளிம்புகள் ஓட வேண்டும், வாயையும் கண்ணையும் சுற்றியும் அப்படியே. அந்த வளையங்கள் இல்லாவிட்டால் கை மடங்கும்போது முழங்கை நசுங்கின தண்ணீர்க் குழாய் போல ஆகிவிடும். அன்ரியல் 5-ல், லட்சக்கணக்கான பாலிகனையும் தானே சமாளிக்கும் நானைட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பாறை, தூண், இடிந்த சுவர் போன்றவற்றுக்கு அது பெரிய வரம். மடங்கி நடக்கிற ஆளுக்கு நல்ல ரீடோபாலஜி இன்னும் வேண்டும்.

அப்புறம் யூவி. அந்த மெஷ்ஷை, தையல்காரர் சட்டையைப் பிரித்து விரிப்பது போல, தட்டையாக விரிப்பது. தையல் எங்கே விழ வேண்டும் என்று யோசியுங்கள், கையின் உட்பக்கம், முடிக்குள், கண்ணில் படாத இடம்.

அதற்கடுத்து பேக் செய்வது. 80 லட்சம் பாலிகனில் நீங்கள் செதுக்கிய தழும்பும் கவசத்தின் ஆணியும் ஒரு படமாக மாறும், நார்மல் மேப். வெளிர் ஊதாவாக இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியிலும் நிறத்துக்குப் பதிலாக அந்த இடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைச் சிவப்பு, பச்சை, நீலத்தில் எழுதி வைத்திருக்கிறது. எஞ்சின் அதைப் படித்து வெளிச்சத்தைப் போடும்போது, தட்டையான மெஷ்ஷில் ஆணி துருத்திக்கொண்டு நிற்பது போலத் தெரியும். ஆனால் வெளிவிளிம்பு மாறாது. ஆளைக் கறுப்பு நிழலாகப் பார்த்தால் எது தெரியுமோ அதை மெஷ்ஷிலேயே செய்தாக வேண்டும், மீதியை மேப் பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் இரண்டு நாள் விழுந்து கிடந்தது. பிளெண்டரில் சரியாக இருந்த தழும்பு அன்ரியலில் மேடாகத் தெரிந்தது. மெஷ்ஷைத் திருத்தினேன், மறுபடி பேக் செய்தேன், ஒன்றும் ஆகவில்லை. காரணம் பச்சை நிறம். நார்மல் மேப்பை எழுத இரண்டு முறை உண்டு, பிளெண்டர் ஓபன்ஜிஎல் முறையைப் பின்பற்றுகிறது, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையை, ஒன்றின் பச்சை சானல் மற்றதற்குத் தலைகீழ். அன்ரியலில் அந்த டெக்ஸ்சரைத் திறந்து பச்சையைத் திருப்பும் பெட்டியில் ஒரு டிக் போட்டால் போதும். யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் இந்தத் தொல்லை வராது, அதுவும் ஓபன்ஜிஎல் முறைதான்.

என் மகன் பி.இ. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்தத் துறைக்குப் போகிறேன் என்கிறான். மூன்று லட்ச ரூபாய் கட்டினால் வேலை உறுதி என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். அனுப்பலாமா? இது நிலையான தொழிலா?
— ஒரு தந்தை, சேலம்

ஐயா, வேலை உறுதி என்று யார் சொன்னாலும் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். இந்தத் துறையில் சான்றிதழைப் பார்த்து எடுப்பதில்லை, செய்த வேலையைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எங்கள் ஸ்டூடியோ நேர்காணல்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன், விண்ணப்பித்தவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

தொழில் உண்மையான தொழில்தான். பெங்களூரில் துருவா இன்டராக்டிவ் என்ற கேம் நிறுவனம் 1997-லேயே தொடங்கியது, 2019-ல் ராக்ஸ்டார் கேம்ஸ் அதை வாங்கியது. புனேயிலும் மும்பையிலும் யூபிசாஃப்ட் என்ற வெளிநாட்டு கேம் நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு கேம்களுக்கான பொருள்கள், ஆயுதங்கள், கட்டடங்கள் நிறைய இங்கேதான் செய்யப்படுகின்றன. ஆனால் நிலையானதா என்றால், மறைக்காமல் சொல்கிறேன், அலை அடிக்கிற துறை. 2025 பிப்ரவரியில், திரைப்பட கிராபிக்ஸ் செய்துவந்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் நல்ல திறமைசாலிகள் பலர் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள். படிப்பை விட வேண்டாம் என்பது என் கருத்து. பொறியியலில் அவன் படிக்கிற கணக்கும் புரோகிராமிங்கும் இந்தத் துறைக்கு உதவும், டெக்னிகல் ஆர்டிஸ்ட் என்று ஒரு வேலையே இருக்கிறது, கலையும் தெரிந்து புரோகிராமும் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு வருஷம் மாலையில் இரண்டு மணி நேரம் பிளெண்டரில் உட்காரட்டும். அதற்குப் பிறகும் அதே ஆசை இருந்தால், அந்த மூன்று லட்சத்தில் ஒரு நல்ல கணினி வாங்கிக் கொடுங்கள், மிச்சம் நிறைய இருக்கும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை, இது கும்பகோணம் வாசகிக்கும் சேர்த்து. இங்கே கேரக்டர் வேலைக்கு இடம் குறைவு, போட்டி அதிகம். பொருள்கள் செய்கிறவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். அதனால் போர்ட்ஃபோலியோவில் இருபது தலை வேண்டாம். ஒரு கேரக்டர், இரண்டு பொருள், மூன்றையும் எஞ்சின் வரை கொண்டுபோய் முடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் சிற்பம், வயர்பிரேம் (மெஷ்ஷின் விளிம்புக் கோடுகள் மட்டும் தெரியும் படம்), விரித்த யூவி, கடைசியில் எஞ்சினில் எடுத்த படம், இந்த நாலும் பக்கத்தில் பக்கத்தில். பாட்டி வீட்டு வெற்றிலைச் செல்லமோ பித்தளைக் குத்துவிளக்கோ வீட்டில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். கற்பனை வாளைவிட அது நன்றாக வரும். முடித்தவர்கள் எனக்கு அனுப்புங்கள், பின்பக்கப் படத்தோடு.