ஆல்ஃபிரட் பாரின் கடிதக் கட்டுகள்

அன்புள்ள ஐயா,

நவீன ஓவிய வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவின் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார், கலைஞர்களோடு நடத்திய கடிதப் போக்குவரத்து பற்றி ஓர் அத்தியாயம் எழுதவேண்டும். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலின் படைப்பு ஒன்றை ஏற்க மறுத்து அவர் எழுதிய கடிதம் இணையத்தில் பலரும் பகிர்ந்தது. ஓர் இயக்குநரின் ரசனை எந்த அளவுக்குத் தவறும் என்பதற்கு அதையே முதல் சான்றாக வைக்க நினைக்கிறேன். மோமாவின் காப்பகத்தில் பிக்காசோ, மாட்டிஸ் என்று பெயரிட்ட கோப்புகளைப் பார்த்தால் போதுமா? நேரில் போய்வர ஒரே ஒருமுறைதான் எனக்கு வசதிப்படும்.

க.

அன்புள்ள க.,

வார்ஹோல் கடிதத்தை அப்படி வைக்காதீர்கள். 1956 அக்டோபர் 18 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் கையொப்பத்துக்குக் கீழே என்ன பதவி இருக்கிறது என்று பாருங்கள். ‘அருங்காட்சியகச் சேகரிப்புகளின் இயக்குநர்’ என்று இருக்கும். அப்போது மோமாவின் இயக்குநர் ரெனே டார்னன்கூர். பார் 1929இல், 27 வயதில் இயக்குநரானவர். 1943இல் அறங்காவலர் குழுத் தலைவர் ஸ்டீபன் கிளார்க் அவரை அந்தப் பதவியிலிருந்து இறக்கினார். பார் வெளியேறவில்லை, அங்கேயே ஆய்விலும் எழுத்திலும் இருந்தார். 1947இல் சேகரிப்புகளின் பொறுப்புக்கு வந்து, 1967இல் ஓய்வு பெற்றார்.

கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: வார்ஹோல் இலவசமாகக் கொடுக்க முன்வந்த ‘ஷூ’ என்ற கோட்டோவியத்தைச் சேகரிப்புக் குழு போன வாரம் பார்த்தது, ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்தது, காட்சிக்கூடத்திலும் கிடங்கிலும் இடம் குறைவு, எப்போதாவது மட்டுமே காட்டக்கூடிய படைப்பை அன்பளிப்பாக வாங்கிவைப்பது நியாயமில்லை. பின்குறிப்பில், வசதிப்படும்போது ஓவியத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்றும் இருக்கிறது. ஒரு குழுவின் முடிவை மரியாதையாகத் தெரிவிக்கும் அலுவலகக் கடிதம் இது. பார் தனியாக என்ன நினைத்தார் என்பதை இதிலிருந்து எடுக்கவே முடியாது. அதற்குக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளையும், சக அலுவலர்களுக்கு அவர் எழுதிய உள்குறிப்புகளையும் தேடவேண்டும். எந்தக் கடிதத்தை எடுத்தாலும் அவர் எந்தப் பதவியிலிருந்து, யார் சார்பில் எழுதுகிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அது தெரியாமல் மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

அடுத்தது, உங்கள் கைக்கு வரப்போகும் தாள். கலைஞர்கள் அனுப்பியதுதான் மூலத் தாளாக இருக்கும். பார் அனுப்பியவற்றில் பெரும்பாலும் கார்பன் நகல்தான் மிஞ்சும்: மெல்லிய தாள், லெட்டர்ஹெட் இல்லை, கையெழுத்தும் இல்லை. அடியில் இடது ஓரத்தில் இரண்டு தொகுதி முதலெழுத்துகள் இருக்கும். முதலாவது வாசகத்தை வாயால் சொன்னவருடையது, இரண்டாவது அதைத் தட்டச்சு செய்தவருடையது. சொன்னவர் இடத்தில் வேறு பெயரின் எழுத்துகள் இருந்தால், வாசகம் பாருடையது என்று எழுதாதீர்கள். மூலத்தில் பேனாவால் சேர்த்த பின்குறிப்போ திருத்தமோ நகலில் வராது. பெறுபவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்குப் போன பிரதி பற்றிய குறிப்பு மாறாக நகலில் மட்டுமே இருக்கும். ஆகவே முக்கியமான கடிதம் என்றால் பெற்றவரிடம் போய்ச்சேர்ந்த மூலத்தையும் தேடுங்கள். பிக்காசோ தனக்கு வந்த தாள்களைத் தூக்கிப் போடாதவர். அவை பாரிஸ் பிக்காசோ அருங்காட்சியகத்தின் ஆவணங்களில் இருக்கின்றன.

தேதியில்லாத கடிதங்கள் பல வரும். அருங்காட்சியகம் அடித்த ‘பெறப்பட்டது’ முத்திரை, உறை மிஞ்சியிருந்தால் அதன் தபால் முத்திரை இரண்டும் உதவும். இல்லாவிட்டால் தாளில் உள்ள அருங்காட்சியகத்தின் முகவரியைப் பாருங்கள். 1929 முதல் 1932 வரை ஐந்தாம் அவென்யூ 730. 1932இலிருந்து மேற்கு 53ஆம் தெரு 11. 1937 முதல் 1939 வரை, புதுக் கட்டடம் எழும்பும் வரைக்கும், ராக்கஃபெல்லர் சென்டரில் மேற்கு 49ஆம் தெரு 14. 1939 மே மாதம் மறுபடி 53ஆம் தெரு. பழைய தாள் தீரும்வரை ஓடும் என்பதால் இதை ஒரு மாதத்துக்கு நெருக்கிப் பிடிக்கவேண்டாம். ஐரோப்பியர் எழுதிய 3.5.39 என்பது மே 3. அமெரிக்கத் தட்டச்சில் 5/3/39 என்பதும் அதே நாள்தான். பிரெஞ்சுக் கையெழுத்தில் 1 பார்வைக்கு 7 போல இருக்கும். குறுக்குக்கோடு இருந்தால்தான் அது 7.

பெயரிட்ட கோப்பு போதுமா என்றால், போதாது. மாட்டிஸ் பற்றிய தன் 1951ஆம் ஆண்டு நூலுக்காக பார் கேள்விப் பட்டியல்கள் தயாரித்து அனுப்பினார். அவை போய்வந்த வழி நியூயார்க்கில் ஓவிய வியாபாரியாக இருந்த மகன் பியரும், பாரிஸிலிருந்த மகள் மார்கெரித் டுத்யுய்யும். பதில் அவர்கள் கோப்பில் கிடக்கலாம். பிக்காசோ பதில் எழுதுவதில் சோம்பல் கொண்டவர். அவரைப் பற்றிய செய்திகளுக்கு பால் ரோசன்பர்க், கான்வைலர் போன்ற வியாபாரிகளின் பெயர்களில் தேடுங்கள். கோப்பில் பதில் இல்லை என்பதைக் கலைஞரின் மறுப்பாகப் படித்துவிட வேண்டாம்.

கண்காட்சிக் கடிதங்கள் இன்னும் சிதறியவை. 1936இல் நடந்த ‘கியூபிஸமும் அரூபக் கலையும்’ மோமாவின் 46ஆம் கண்காட்சி. அதற்கு வந்த 19 சிற்பங்களைக் கலைப்பொருளாக ஏற்று வரியின்றி விடச் சுங்கத்துறை மறுத்தது. சிற்பம் என்றால் இயற்கை உருவத்தை ஒத்திருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. இப்படிப்பட்ட விவகாரங்களின் தாள்கள் கண்காட்சி எண்ணின்கீழ், படைப்புகளின் வரத்துப்போக்கைக் கவனிக்கும் அருங்காட்சியகப் பதிவாளரின் கோப்புகளில் அடுக்கப்பட்டிருக்கும். கண்காட்சி எண்களை மோமாவின் இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். பல பழைய கண்காட்சிகளின் பத்திரிகைக் குறிப்புகள், அட்டவணை நூல்கள், படங்கள் அங்கேயே இலவசமாக இருக்கின்றன. பயணத்துக்கு முன் அவற்றை முடித்துவிடுங்கள்.

உங்கள் அத்தியாயத்தின் நடுவில் இருக்கவேண்டியது 1940–41 என்பது என் எண்ணம். நாஜி ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்ததும், அங்கே சிக்கிய கலைஞர்களையும் எழுத்தாளர்களையும் வெளியே கொண்டுவர நியூயார்க்கில் அவசர மீட்புக் குழு உருவானது; அதன் பிரதிநிதியாக வேரியன் ஃப்ரை ஆகஸ்டில் பிரான்ஸின் துறைமுக நகரமான மார்சேய் போனார். காப்பாற்றவேண்டிய ஓவியர், சிற்பிகளின் பெயர்களைத் தந்தவர்களில் பார் ஒருவர். அதற்கான அலுவலக உழைப்பில் பெரும்பகுதி அவர் மனைவி மார்கரெட் ஸ்கோலாரி பாருடையது. விசாவுக்கு ஒவ்வொரு கலைஞருக்கும் வாழ்க்கைக் குறிப்பு, செலவுக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் உறுதிமொழிப் பத்திரம், நன்னடத்தைக்கு இன்னொருவரின் சான்று, கப்பல் கட்டணம் எல்லாம் சேரவேண்டும். ஒன்று தவறினால் ஆள் மார்சேயிலேயே நிற்கவேண்டியதுதான். ஓவியர்கள் ஷகால் 1941 ஜூனிலும் மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஜூலையிலும் நியூயார்க் வந்துசேர்ந்தார்கள். கலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அந்தத் தாள்கள்தான் ஓர் அருங்காட்சியகம் கலைஞர்களுக்காக எழுதியவற்றில் ஆகப் பெரியவை என்று நினைக்கிறேன். மார்கரெட்டின் ஆவணங்கள் தனித் தொகுப்பு, அதையும் கேளுங்கள்.

போகும்முன் செய்யவேண்டியது: தொகுப்பின் விவரப் பட்டியலைப் படித்து, வேண்டிய கோப்பு எண்களை முன்னுரிமைப்படி எழுதி, காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரம் வாங்குங்கள். பழைய நூல்களின் அடிக்குறிப்பில் அரைப்புள்ளியால் பிரித்த இரண்டு எண்கள் இருந்தால், அவை அமெரிக்கக் கலை ஆவணக்காப்பகம் எடுத்த மைக்ரோஃபிலிமின் (தாள்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த ஃபிலிமின்) சுருள் எண்ணும் ஃபிரேம் எண்ணும். அதைத் தாள் கோப்பு எண் என்று நினைத்துக் கேட்டால் ஒரு காலைப்பொழுது வீணாகும். ஃபிலிம் கருப்பு வெள்ளை என்பதால் சிவப்பு, நீலப் பென்சில் குறிப்புகளை அதில் பிரித்தறிய முடியாது. முக்கியமானவற்றைத் தாளிலேயே பாருங்கள். கூடத்தில் பென்சில் மட்டும் பயன்படுத்துங்கள், தாள்களின் வரிசையைக் கலைக்காதீர்கள். படமெடுக்க அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் முதலில் அதன் மேல்தாளை எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் எந்தப் படம் எந்தக் கோப்பு என்று தெரிய வேறு வழி இருக்காது.

மேற்கோள் உரிமையையும் இப்போதே பாருங்கள். தாள் மோமாவுடையது, எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. அமெரிக்கச் சட்டத்தில் அச்சேறாத கடிதத்துக்கு உரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள். மாட்டிஸ் 1954இல் இறந்ததால் அவருடையது 2024 முடிவோடு தீர்ந்தது. பிக்காசோவுக்கு 2043 வரை. கடிதம் 1978க்கும் 2002க்கும் இடையில் அச்சில் வந்திருந்தால் கணக்கு வேறு, குறைந்தது 2047 வரை போகும். நீண்ட மேற்கோள் வேண்டியவற்றுக்கு இப்போதே அனுமதி கேட்டு எழுதுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம்.