தோட்டம் கேள்வி–பதில்: செங்காந்தளுக்குத் தண்ணீரை எப்போது நிறுத்துவது?

கே: தொட்டியில் வைத்த செங்காந்தள் ஐப்பசியில் நன்றாகப் பூத்தது. மார்கழியில் கொடி மஞ்சளாகிக் காய்ந்ததால் தினமும் தண்ணீர் ஊற்றினோம். இப்போது கிளறிப் பார்த்தால் கிழங்கு கூழாக இருக்கிறது. என்ன நோய்?
– ஒரு வாசகி, திருச்சி

ப: நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் காரணம். காய்ந்தது கொடி மட்டும். வருடா வருடம் அது காயத்தான் செய்யும். கிழங்கு மண்ணுக்குள் ஓய்வில் இருக்கும். இலை இல்லாதபோது அது தண்ணீரை இழுக்காது. ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். கொடி காய்ந்ததும் அடியோடு நிறுத்தி, தொட்டியை மழை படாத இடத்தில் வையுங்கள். தோண்டி எடுத்தால் காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வைக்கலாம்.

புதிதாக நட ஆடி, ஆவணி ஏற்றது. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு. தொட்டி 12 அங்குல ஆழமாவது இருக்கட்டும். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். கலப்பை போல வளைந்த கிழங்கின் ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கை வீண். உருளைக்கிழங்குக்கு இருப்பதுபோல் வேறு கண்கள் கிடையாது. வாங்கும்போதே நுனியைப் பாருங்கள், கடைக்காரர்கள் சாக்கில் கொட்டித்தான் வைத்திருப்பார்கள். படுக்கை வாட்டில் 2–3 அங்குல ஆழத்தில் வைத்து ஒருமுறை தண்ணீர் விட்டு, முளை வெளியே வரும்வரை பொறுங்கள். இலை நுனிச் சுருளால் பற்றி ஏறும் கொடி இது. மெல்லிய கம்பியோ சுள்ளியோ கொடுங்கள். தடித்த மூங்கிலைச் சுருள் சுற்றாது.

கே: பூ நிறைய, காய் ஒன்றுகூட இல்லையே?
– ஒரு வாசகர், கரூர்

ப: பூவின் பெண் பாகத்திலுள்ள சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் அதே பூவின் மகரந்தம் அதன்மேல் தானாக விழுவது அரிது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வராத இடத்தில் நீங்கள்தான் தொட்டு வைக்க வேண்டும். காலை 8 முதல் 11 மணிக்குள், வெடித்த மகரந்தப்பையை மென்தூரிகையில் எடுத்து வேறொரு பூவின் சூல்முடியில், அதாவது சூல்தண்டின் நுனியில், தடவுங்கள். மாடியில் அழகுக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. விதையிலிருந்து வரும் செடி பூக்க மூன்று, நான்கு வருடம் ஆகும்.

கே: கறுப்பில் சிவப்பும் வெள்ளையும் புள்ளி வைத்த புழு இலையை மொட்டையடிக்கிறது.
– ஒரு வாசகி, பழனி

ப: லில்லிப் புழு. கூட்டமாக இருக்கும்போதே இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கையுறை கட்டாயம். இந்தச் செடியின் எல்லாப் பாகமும், முக்கியமாகக் கிழங்கும் விதையும், கடும் நஞ்சு. கிழங்கைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி தெரியவே சில மணி நேரம் ஆகும்.