வாசகர் கேள்வி – பதில்: மழை விட்ட பிறகும் மண் இறங்கும்

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே, சரிவில் எங்கள் வீடு உள்ளது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது எந்த நிலையில் வீட்டை விட்டு வெளியேற வேண்டும்? மழை நின்றதும் திரும்பிவிடலாமா?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உடனே திரும்பக் கூடாது. நாள்கணக்கில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, அதன் கனத்தைக் கூட்டிப் பிடிமானத்தைக் குறைத்துவிடுவதால், வானம் வெளுத்த பிறகும் மேடு சரியக்கூடும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறந்திருக்காது.

நேற்றுவரை எளிதாகத் திறந்த கதவு நிலையில் இறுகுவது, முற்றத்தில் புதிய விரிசல் ஓடுவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும், சாமான்களைக் கட்டிக்கொண்டிராமல் வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077-க்குத் தெரிவியுங்கள். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

வீட்டுக்குப் பின்னால் தடுப்புச் சுவர் இருந்தால், நீர் வடிவதற்காக அதில் விட்டிருக்கும் துளைகளை மழையில்லாத ஒரு பகலில் சோதித்துப் பாருங்கள். என் உறவினர் வீட்டுச் சுவரில் ஐந்து துளைகளில் நான்கு, கவாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளும் களிமண்ணும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தன. கம்பியால் குத்தியதும் பீறிட்ட செம்மண் நீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு நீரும் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. சுவர் ஏற்கெனவே வயிறு தள்ளியிருந்தால் அதன் அருகில் போகாதீர்கள்.

கேள்வி: வீட்டை ஒட்டி உயரமான கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் நிற்கின்றன. பலத்த காற்றின்போது என்ன செய்வது?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது உங்கள் மலையில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டதைப் பார்த்திருப்பீர்கள். மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி தேவைப்படுவதால், காற்றுக்காலத்துக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள். காற்று வீசும் இரவில் மரத்துக்கு எதிர்ப்புற அறையில் உறங்குங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை, மின்சாரம் இல்லை என்று நம்பித் தொட வேண்டாம். இன்னொன்றையும் கேட்காமலே சொல்கிறேன். மின்சாரம் போன குளிரில் கரி அடுப்பை மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கேள்வி: தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு நீர்தான் ஓடுகிறது. ஜீப்பில் கடக்கலாமா?
– ஒரு வாசகர், மசினகுடி

பதில்: கடக்காதீர்கள். வேகமாக ஓடும் 15 செ.மீ. நீரே ஆளை வீழ்த்தும், 30 செ.மீ. சிறிய காரை மிதக்கச் செய்யும், 60 செ.மீ. ஜீப்பையும் இழுத்துச் செல்லும். கலங்கிய நீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதுகூட உங்களுக்குத் தெரியாது. மேலே மலையில் பெய்யும் மழையால் சில நிமிடங்களிலேயே ஆறு உயரும் என்பதால், நீர் வடியும்வரை கரையை விட்டு விலகி மேட்டில் காத்திருங்கள்.