முன்பணம் கேட்டால் அவர் ஏஜென்டே இல்லை

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். 21 வயது மகன் பிரீமியர் கிரிக்கெட் (மாநிலத்தின் உயர்மட்ட கிளப் போட்டி) கிளப் ஒன்றின் முதல் அணியில் ஒன் டவுன், அதாவது மூன்றாவது பேட்ஸ்மேனாக, இறங்குகிறான். விக்டோரியா மாநில அணி கண்டுகொள்ளவில்லை. டாஸ்மேனியாவில் ஒப்பந்தம் வாங்கித் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். மாநில ஒப்பந்தம் காசுக்குக் கிடைக்கிற பொருள் இல்லை. உண்மையான ஏஜென்ட், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஏஜென்டுகளுக்கு அங்கீகாரம் தருவது ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர்கள் சங்கம். இவர் பெயர் அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள். "தேர்வாளர் நம்ம ஆள்", "இந்த வாரமே முடிவு சொல்லணும்", "ரசீது அப்புறம் தரேன்" என்று எதைச் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். வீடியோ அனுப்பக் கட்டணம் என்பார்கள். கிளப் ஸ்கோர்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, அதற்கு எதற்குக் காசு?

மாநிலம் மாறுவதில் தப்பே இல்லை. சிட்னிக்காரர் எட் கோவன் 2009ல் டாஸ்மேனியா போனார்; 2011 பாக்சிங் டே டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு ஓப்பனிங் இறங்கினார். உங்கள் மகன் ஹோபார்ட் கிளப் ஒன்றில் ஒரு சீசன் ஆடிப் பார்க்கட்டும். கிளப் செயலாளருக்கு அவனே எழுதலாம், தரகர் வேண்டாம்.

படிப்பை நிறுத்த வேண்டாம். மொத்தமே ஆறு மாநில அணிகள். அணிக்கு ஆறு பேட்ஸ்மேன் என்றால் நாடு முழுக்க 36 இடம். மாநில அணிகள் மோதும் நாலு நாள் போட்டியான ஷெஃபீல்ட் ஷீல்டின் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் 10 ஆட்டம்தான். அதையும் கோடையின் நடுவில் பிக் பாஷ் டி20 தொடருக்காக நிறுத்திவிடுகிறார்கள். நாலு நாள் ஆட்டத்துக்கான பையன் அந்த வாரங்களில் எங்கே போய் ரன் அடித்துக் காட்டுவான்? இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. டாஸ்மேனியாவின் ஜேமி காக்ஸ் முதல்தர கிரிக்கெட்டில் 51 சதம் அடித்தவர். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

பெற்றோர் எல்லோரும் ஆடம் வோஜஸைச் சொல்வார்கள். 35 வயதில், 2015 ஜூனில், டொமினிக்காவில் முதல் டெஸ்டிலேயே 130 நாட் அவுட். உண்மைதான். ஆனால் அவர் கிளப்பில் காத்துக் கிடந்து வந்தவர் இல்லை. 2002லேயே மேற்கு ஆஸ்திரேலிய அணிக்குள் வந்துவிட்டார். அத்தனை வருடம் ஆடியும், 2014-15 ஷீல்டில் 1,358 ரன் குவித்த பிறகுதான் டெஸ்ட் அணியின் கதவு திறந்தது. அவரை நம்பி உங்கள் மகன் பட்டத்தைக் கைவிட்டால் கணக்கு உதைக்கும். பாடங்களைக் குறைத்துப் பகுதிநேரமாகப் படிக்கட்டும்.

ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மெசேஜ்களை அழிக்காதீர்கள். இன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், மோசடிப் புகார்களுக்கான அரசுத் தளமான ஸ்கேம்வாட்சிலும் புகார் பதியுங்கள்.