ஏழு வாரக் குழந்தை, எல்லையில் கணவர்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். கணவர் ராணுவத்தில் சிப்பாய், இப்போது வடகிழக்கில் இருக்கிறார். பெண் குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாளே லீவு முடிந்து போய்விட்டார். இப்போது அவளுக்கு ஏழு வாரம். சாயங்காலம் ஆறு மணிக்கு அழ ஆரம்பித்தால் ஒன்பது, பத்து வரை ஓயாது. “உனக்குப் பால் பத்தலை” என்கிறார் மாமியார். மூன்று நாளைக்கு முன் ராத்திரி, தாங்க முடியாமல் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டேன். உடனே அழுகை நின்றது. நான்தான் விடியும்வரை அழுதேன். கணவரிடம் சொல்லவில்லை. நான் கெட்ட தாயா?
- பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரி, இல்லை. ஆனால் இதைப் படித்ததும் முதல் வேலையாகக் குழந்தையை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தோன்றினாலும் போங்கள். “உலுக்கினேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைத்தால், வாந்தியைச் செரியாமை என்று நினைத்து மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. ஸ்கேன் தேவையா என்று பார்க்க வேண்டிய காரணமே மருத்துவருக்குத் தெரியாமல் போகும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வெட்டி இழுப்பது, மூச்சுத் திணறல், உச்சிக்குழி புடைப்பது: இதில் ஒன்று இருந்தாலும் பஸ்ஸுக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

குளிப்பாட்டும்போது கழுத்துக்குக் கை கொடுத்துத்தானே பிடிக்கிறீர்கள்? உடம்பின் நீளத்தில் கால் பங்கு தலை. அதைத் தாங்கக் கழுத்துக்கு இன்னும் பலமில்லை. உலுக்கும்போது மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் போய்வர, மேலே ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்து ரத்தம் கசியும். கண்ணின் உள்திரையிலும் கசியலாம். உலுக்கியதும் அழுகை நின்றதே, அது சமாதானமாகி நின்றது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளை அதிர்ந்தாலும் குழந்தை அடங்கும். ‘உலுக்கினால் நிற்கிறது’ என்று கை பழகிவிடுவதுதான் பெரிய ஆபத்து. எங்கள் ஊர்களில் குளிப்பாட்டும் பாட்டிமார் சிலர் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உதறுவதும் உண்டு. மரியாதையாகச் சொல்லி அதையும் நிறுத்திவிடுங்கள்.

இந்த அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்த இரண்டாவது வாரம் வாக்கில் கூட ஆரம்பித்து, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும்; மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் தானாகத் தணியும். சாயங்காலத்தில்தான் அதிகம். நீங்கள் இருப்பது சரியாக அந்த உச்சத்தில். பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாளில் ஆறு தடவைக்குமேல் சிறுநீர் போகிறதா, தாய்சேய் நல அட்டையில் எடைக்கோடு ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் அந்த அட்டையையே மாமியாரிடம் காட்டுங்கள். வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர், தேன் எதுவும் வேண்டாம்.

அழும்போது வரிசையாகப் பாருங்கள்: பசி, ஈரம், புழுக்கம், துணிக்குள் எறும்பு, கால் விரலில் இறுகச் சுற்றிய தலைமுடி. உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வையுங்கள், 100.4 டிகிரி காட்டினால் இந்த வயதில் உடனே ஆஸ்பத்திரி. எல்லாம் பார்த்தும் அழுகிறாள், உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது, கை இறுகுகிறது என்றால் தரையில் பாய் விரித்து, மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் தலையணை, துணி எதுவும் இல்லாமல் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். பத்து நிமிஷம். முகம் கழுவுங்கள், யாருக்காவது போன் போடுங்கள், பிறகு போய்ப் பாருங்கள். பத்து நிமிஷம் அழுவதால் எந்தக் குழந்தைக்கும் கேடில்லை.

அடுத்தது உங்கள் தூக்கம். எட்டு மணிக்குப் பால் கொடுத்ததும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேறு அறையில் படுங்கள். நடுவில் பசித்தால், முன்பே பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் கொடுக்கட்டும். தொடர்ச்சியாக நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே கோபத்தின் வேகம் குறையும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க ராணுவத்தில், குழந்தை துன்புறுத்தப்பட்டதோ கவனிக்கப்படாமல் விடப்பட்டதோ ஏற்கெனவே உறுதியான குடும்பங்களை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வந்தது. படைவீரர் போர்முனைக்குப் போயிருந்த நாட்களில் அப்படிப்பட்ட சம்பவங்கள் 42 சதவீதம் அதிகம். அங்கே ராணுவமே கர்ப்ப காலத்திலிருந்து நர்ஸை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை நடத்துகிறது. மேற்கு நியூயார்க்கில் பிரசவ வார்டிலேயே பெற்றோரிடம் உலுக்குவதன் ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தலைக்காயங்கள் 47 சதவீதம் குறைந்ததாக 2005-இல் எழுதினார்கள். சம்பவம் நடப்பதற்கு முன்னால் போய்ச் சேரும் உதவிக்குத்தான் பலன். நம் ஊரில் அந்த உதவியை நாமே போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பது வருத்தம்தான்.

உங்கள் துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் இரண்டு வாரமாவது அடிக்கடி வந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. 13 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம். செத்துவிடலாம், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தேவைப்பட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு இருக்கிறது.

கணவரிடம் மறைக்காதீர்கள். சிப்பாய்க்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு. மருத்துவர் கொடுக்கும் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அதைக் காட்டி அவர் யூனிட்டில் கேஷுவல் லீவு கேட்கட்டும். தருமபுரியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பணியில் இருப்பவர்களின் குடும்பங்களும் மனு கொடுக்கலாம். வந்ததும் அவருக்கும் அந்தப் பாயையும் பத்து நிமிஷத்தையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு மூன்று நாள் ரயிலில் தூங்காமல் வருகிறவர், குழந்தையின் அழுகைக்குப் பழகாதவர், முதல் ராத்திரியே தனியாக அவளைச் சமாளிக்க வேண்டாம்.