உட்கார்ந்திருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறேன். என் மகன் ஒஹாயோவில் ஒரு சிறிய தனியார் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு போகப்போகிறான். அங்கே அமெரிக்க ஃபுட்பால் அணியில் இருக்கிறான். மூன்றாம் பிரிவு அணி என்பதால் விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர்கூடக் கிடையாது. கட்டணம் என் பையிலிருந்து போகிறது. சென்ற பருவத்தில் பத்து ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றார்கள். இரண்டு ஆண்டுகளாக பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். இந்த ஆண்டு அவனுக்கு இடம் கிடைத்துவிட்டதாம். குனிந்து, பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் எறிகிற வேலை. அதற்காக ஆகஸ்டிலேயே பயிற்சி முகாமுக்குக் கிளம்புகிறான். பயிற்சியாளரைப் பார்த்தேன். கத்துவதே இல்லை. அப்படிப்பட்டவர் எப்படி ஜெயிக்க வைப்பார்? தலையில் அடிபட்டு மூளை பாதிக்கும் என்று படிக்கிறேன். உறவினர்கள் வேறு சிரிக்கிறார்கள்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை அவர்களுடைய முதல் ஆட்டம். ஐந்து மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். மனைவி போகலாம் என்கிறாள். பத்துமுறை குனிந்து நிமிர்வதைப் பார்க்கப் போக வேண்டுமா? இதனால் என்ன பிரயோஜனம்? நீங்கள் ஒரு பருவம் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் தங்கியிருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பரே,

உங்கள் முழுக் கடிதத்தில் 'சும்மா' என்ற சொல் நான்கு முறை வருகிறது. மகனின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவன் செய்யும் வேலையின் பெயரும் இல்லை. இரண்டு ஆண்டுகளாகக் கட்டணம் கட்டும் மனிதர், மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதற்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளவில்லை. அந்த இடத்திற்கு லாங் ஸ்னாப்பர் என்று பெயர். இன்று இரவு அவனைக் கூப்பிட்டுப் பேசும்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பாருங்கள்.

அந்தச் சொல்லை நான் கற்றது ஒரு பையனிடமிருந்து. நான் தங்கியிருந்த கல்லூரியில் மாலை நடைக்கு மைதானத்தைச் சுற்றி வருவேன். எல்லோரும் உணவுக்கூடத்துக்குப் போன பிறகும் ஒருவன் மட்டும் இருப்பான். கால்களை அகட்டிக் குனிந்து, பின்னால் ஒரு சட்டத்தில் கட்டிய வலைக்குள் பந்தை எறிவான். நடந்துபோய்ப் பொறுக்கி வந்து மறுபடி எறிவான். முதல் வாரம் ஏதோ தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் கேட்டேன். "ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தால் நான் தப்புச் செய்துவிட்டேன் என்று அர்த்தம். இதுவரை வந்ததில்லை" என்றான். எழுத்தாளனான எனக்கு அது உறைத்தது. என் பெயர் எங்கே வருகிறது என்று நாள்தோறும் தேடுகிறவன் அல்லவா நான்.

அந்த வேலை இப்படி. நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேற வேண்டும். மூன்று முயற்சிகள் வீணானால், பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அதுதான் பன்ட். உதைப்பவர் 15 கஜம் பின்னால் நிற்பார். ஸ்னாப்பர் தலைகீழாக, தன் கால்களுக்கு நடுவே அவரைப் பார்த்து எறிகிறான். பந்து போய்ச்சேர முக்கால் நொடி. அரை அடி மேலே போனால் உதைப்பவர் தாவ வேண்டும், அதற்குள் எதிரணி வந்து விழுந்துவிடும். கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும்போது இன்னும் நுட்பம். ஏழெட்டு கஜம் பின்னால் ஒருவர் மண்டியிட்டுப் பந்தைப் பிடித்து நிறுத்துவார். பந்தின் தையல் உதைப்பவரின் பாதத்தில் படாமல் கம்பங்களைப் பார்த்து நிற்க வேண்டும். ஆகவே பந்து காற்றில் எத்தனை சுற்று சுற்றும் என்பதுவரை கணக்கிட்டு எறிகிறார்கள். எறிந்து முடிக்கும் வரை அவன் தலை குனிந்திருக்கிறது, எதிரே நிற்பவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் கல்லூரி விதிகளில், உதைக்கும் அமைப்பில் நிற்கும் ஸ்னாப்பரை ஒரு நொடி கழியும்வரை தாக்கக் கூடாது என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டம் போட்டுக் காக்கும் அளவுக்கு முக்கியமான வேலையை நீங்கள் 'குனிந்து நிமிர்வது' என்கிறீர்கள்.

கையால் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என நம்மவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது நக்கலடித்திருப்போம். நீங்களும் அடித்திருக்கிறீர்கள், நான் சுருக்கிய பகுதியில். ஆனால் லாங் ஸ்னாப்பர் களத்துக்கு வருவதே பந்தைக் கால் தொடப்போகிற தருணங்களில்தான். அந்த அணியில் அசல் கால்பந்துக்கு உரியவர்கள் நாலைந்து பேர் என்றால் உங்கள் மகன் அதில் ஒருவன்.

சரி, 'சும்மா உட்கார்ந்திருந்தான்'. இதை நான் விடுவதாக இல்லை.

2019இல் ஐயோவா மாநிலத்தின் கிரின்னெல் கல்லூரி, மூன்று ஆட்டங்கள் முடிந்த நிலையில் பருவத்தையே ரத்து செய்தது. நல்ல கல்லூரி, பணமும் உள்ள கல்லூரி. ஆடத் தகுதியோடு மிஞ்சியவர்கள் 28 பேர். பதினொருவர் ஆடும் ஆட்டத்துக்கு 28 பேர் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தாக்க ஒரு பதினொருவர், தடுக்க ஒரு பதினொருவர், உதைக்கும் நேரத்துக்குத் தனி ஏற்பாடு. மாற்று ஆள் இல்லையென்றால் களைத்தவனே மறுபடி இறங்க வேண்டும். களைத்த உடம்புதான் தப்பாகக் குனிகிறது, தப்பாக மோதுகிறது, முறிகிறது. ஆட்டக்காரர்களே கூடிப் பேசி, இது ஆபத்து, நிறுத்துவோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். பின்னர் அந்த அணி மீண்டு வந்தது, அது வேறு கதை. அந்த ஆண்டு கிரின்னெலில் இல்லாமல் போனது என்ன? நட்சத்திர வீரர்களா? இல்லை. உட்கார்ந்திருக்க ஆள் இல்லை. பெஞ்ச் காலியானதும் ஆட்டம் நின்றுவிட்டது.

இன்னும் கேளுங்கள். பெஞ்சில் இருப்பவர்கள் வாரம் முழுக்க என்ன செய்கிறார்கள் தெரியுமா? அடுத்த சனிக்கிழமை வரப்போகும் எதிரணியாக வேடம் போடுகிறார்கள். ஸ்கௌட் டீம் என்பார்கள். எதிரணி எப்படி நிற்கும், எங்கே ஓடும், எந்தப் பக்கம் ஏமாற்றும் என்று அட்டையில் வரைந்து தருவார்கள். அதைப் பார்த்து, சொந்த அணியை எதிர்த்து ஆட வேண்டும். ஒவ்வொரு வாரமும் புது எதிரி, புது வேடம். இரண்டு ஆண்டுகளில் இருபது அணிகளாக ஆகியிருக்கிறான் உங்கள் மகன். சனிக்கிழமை முன்வரிசைக்காரர்கள் எதிரியை அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால், செவ்வாயும் புதனும் அந்த எதிரியாக மோதிக் காட்டியவன் இவன். அதற்குப் பிறகுதான் ஓரமாக உட்கார்கிறான், சட்டையில் மண் படாமல். அந்தச் சுத்தமான சட்டையைப் பார்த்துவிட்டு நீங்கள் தீர்ப்பு எழுதுகிறீர்கள். சும்மா இருப்பதைப் பெரிய காரியமாக நினைத்த மரபில் வந்தவர் நீங்கள். அதை ஒரு வசைச்சொல்லாக்கி மகன்மீது எறிய எங்கே கற்றீர்கள்?

கொஞ்சம் கடுமையாகிவிட்டது. பணத்தைப் பற்றிப் பேசுவோம், அதில் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. மேல்தட்டுப் பிரிவில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சமரசத்தின்படி, ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை பகிர்ந்து தரலாம். அங்கே வீரன் சம்பளக்காரன். உங்கள் மகன் இருக்கும் மூன்றாம் பிரிவில் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் சுமார் 240. அங்கே வீரன் காசு கட்டி ஆடுகிறவன். இதில் கல்லூரிக்கு ஒரு கணக்கு உண்டு, மறைக்க வேண்டாம். மாணவர் சேர்க்கை குறைந்துகொண்டிருக்கும் சிறிய கல்லூரிகளுக்கு ஃபுட்பால் அணி என்பது ஏறக்குறைய நூறு பையன்களைக் கட்டணத்தோடு கொண்டுவந்து சேர்க்கும் வழி. அணியை நடத்தும் செலவைவிட வரவு கூடுதலாக இருக்கும் என்று பார்த்தே பல கல்லூரிகள் புதிதாக அணி தொடங்குகின்றன. ஆகவே உங்களை ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் வந்தால் அது தப்பில்லை. கட்டண ரசீதையும் பாடத்திட்டத்தையும் வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் கேளுங்கள். பையனிடம் கேட்காதீர்கள். அந்த வரவுசெலவில் சேராத ஒரே ஆள் அவன்தான்.

ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி என்று அழுகிறீர்கள். இந்தியானாவின் எர்ல்ஹாம் கல்லூரி 53 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றது, பிறகு 2018இல் அணியையே நிறுத்திவைத்தது. அந்த 53 ஆட்டங்களுக்கும் பையன்கள் காலணி நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் மகனின் அணிக்கு ஒரு வெற்றி இருக்கிறது. தவிர, தோற்கும் அணியில்தான் பன்ட் அதிகம், ஸ்னாப்பருக்கு வேலையும் அதிகம்.

கத்தாத பயிற்சியாளர் பற்றி. மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற சிறிய கல்லூரியில் ஜான் கலார்டி என்றொருவர் 1953 முதல் 2012 வரை பயிற்சியாளராக இருந்தார். விசில் கிடையாது. பயிற்சியில் ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவது கிடையாது. 'கோச்' என்று கூப்பிடக் கூடாது, ஜான் என்றுதான் கூப்பிட வேண்டும். பதினாறு வயதில், பள்ளிப் பயிற்சியாளர் போருக்குப் போய்விட, ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுக்கத் தொடங்கிய ஆள். மொத்தம் 489 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், பெரிய பிரிவு சிறிய பிரிவு எல்லாம் சேர்த்து, அவ்வளவு வென்றவர் வேறு யாரும் இல்லை. கத்துவதைத் திறமை என்று நினைப்பது நம் பள்ளிக்கூடங்கள் நமக்குள் போட்ட தழும்பு. நிற்க.

மூளை பாதிப்பு பற்றிய பயம் நியாயமானது. இதில் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டேன். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடிகள், பெயர் சொல்லும்படியான காயமே இல்லாவிட்டாலும், சேர்ந்து கெடுக்கின்றன. தலையதிர்ச்சி என்ற ஐயம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும், உறுதியானால் அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி அவன் வாய் திறந்து சொன்னால்தான் வேலை செய்யும். தலைசுற்றியது என்று சொன்னால் அப்பா 'நான் அப்போதே சொன்னேன்' என்பார் என்று நினைக்கும் பையன் வாய் திறக்க மாட்டான். அந்தக் கல்லூரியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் இருப்பார். அவர் பெயரைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

உறவினர்கள் சிரிக்கட்டும். அவர்களுக்கும் பொழுது போக வேண்டாமா?

அந்த வலைக்காரப் பையனுக்குத் திரும்பி வருகிறேன். நவம்பரில் அவர்களுடைய கடைசி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். என்னோடு அமர்ந்தவர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். குளிர், தூறல். பக்கத்தில் ஒரு கனத்த மனிதர், மடியில் பழைய கம்பளி. உங்கள் பையன் எவன் என்று கேட்டேன். "இப்போது தெரியமாட்டான், கொஞ்சம் பொறுங்கள்" என்றார். பன்ட் வரும்போதெல்லாம் மற்றவர்கள் காபி வாங்கவும் கழிப்பறைக்குமாக எழுந்து போவார்கள். அது விட்டுக்கொடுக்கிற தருணம், பார்க்க ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு நினைப்பு. இந்த மனிதர் அப்போதுதான் எழுந்து நிற்பார். எழுந்து போகிறவர்களுக்கு நடுவே, கம்பளி தரையில் விழுவது தெரியாமல், கழுத்தை நீட்டி. முக்கால் நொடி. பிறகு உட்கார்ந்துகொள்வார். அன்று ஏழு முறை எழுந்தார். நான் எண்ணினேன். இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்தார் என்பதை, ஆட்டம் முடிந்து அவர் கார் இருக்கையைச் சாய்த்துத் தூங்கப் போனபோதுதான் சொன்னார். ஒலிபெருக்கியில் பையன் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அப்பாவிடம் வந்து அதைத்தான் முதலில் சொன்னான்.

உங்கள் கேள்வி ஐந்து மணி நேரம் ஓட்டிப் போகலாமா என்பதல்லவா? மறந்தே போனேன். போங்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். சிறிய கல்லூரிகளின் பார்வையாளர் வரிசைக்குப் பெரும்பாலும் கூரை இருக்காது, மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காபியை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.